பெடலும் ஊசியும் – 9: எல்லையில் மடக்கப்பட்ட கார்

1967 ஜூலை 13 அன்று வான்டூ மலையேற்றத்தில் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்ஸன் சுருண்டு விழுந்து இறந்ததையும், அவர் உடம்பில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து கண்டுபிடிக்கப்பட்டதையும், அதன் பிறகு சிறுநீர்ப் பரிசோதனை சைக்கிள் பந்தயங்களில் வேரூன்றியதையும் சென்ற வாரம் பார்த்தோம். பரிசோதனை வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று முப்பது ஆண்டுகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஒரே ஒரு கோடைகாலத்தில் நொறுங்கியது.

அதிகாலைச் சோதனை

1998 ஜூலை 8, புதன்கிழமை அதிகாலை. பெல்ஜியத்திலிருந்து பிரான்ஸுக்குள் நுழையும் சின்னச் சாலை ஒன்றில், நூவில்-ஆன்-ஃபெரான் என்ற ஊருக்குப் பக்கத்தில், பிரெஞ்சுச் சுங்கத்துறையினர் ஒரு ஃபியட் காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். ஃபெஸ்டினா என்ற கைக்கடிகார நிறுவனம் நடத்திய சைக்கிள் அணியின் கார் அது. டூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தில் ஓடுவதற்கான அதிகாரபூர்வ அடையாளங்களும் அதில் இருந்தன. ஓட்டிவந்தவர் வில்லி வூட், பெல்ஜியம்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். கலே துறைமுகம் போய், கடல் கடந்து, மூன்று நாளில் டூர் தொடங்கவிருந்த டப்ளின் நகரைச் சேர்வது அவர் திட்டம். நெடுஞ்சாலையைத் தவிர்த்துக் கிளைச் சாலையில் போனால் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று நினைத்திருந்தார்.

காரின் உள்ளே குளிர்காப்புப் பைகள் இருந்தன. அவற்றைத் திறந்து எண்ணியபோது 230-க்கும் மேற்பட்ட இபிஓ ஊசிமருந்துகள், சுமார் 80 குப்பி வளர்ச்சி ஹார்மோன், 160 டெஸ்டோஸ்டிரோன் மாத்திரைகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் என்று கணக்கு 400-ஐத் தாண்டிப் போனது.

வூட் அந்த அணியில் உதவியாளர். வீரர்களுக்குக் காலைப் பிடித்துவிடுவது, வழியில் சாப்பிடப் பை கட்டித் தருவது, தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புவது, துணிமணியைத் துவைத்துப்போடுவது, பந்தயம் முடிந்து குளிரில் நடுங்குகிறவரைத் துண்டால் போர்த்தி அழைத்துப் போவது, எல்லாம் இவர்கள் பொறுப்பு. வீரரின் உடம்பை அவருடைய மனைவியைவிட, மருத்துவரைவிட நன்றாக அறிந்தவர்கள். தொழிலில் சேரும் இளைஞன் முதல் ஊசியைப் போட்டுக்கொள்வதும் பெரும்பாலும் இவர்கள் கையால்தான்.

இத்தனை மருந்தும் எதற்கு என்று கேட்டபோது, என் சொந்த உபயோகத்துக்கு என்றார் வூட். ஒரு மனிதன் தனக்காக 230 இபிஓ ஊசிகளைச் சுமந்துகொண்டு போவான் என்பதை நம்ப யாரும் தயாராக இல்லை. அவரைக் காவலில் வைத்தார்கள்.

ஐம்பது என்ற எண்

அந்தப் பைகளில் இருந்தது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதையைத் தொடர முடியாது.

எரித்ரோபொயட்டின், சுருக்கமாக இபிஓ, நம் சிறுநீரகம் தானாகவே சுரக்கும் ஹார்மோன். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லி உத்தரவிடுவது அதன் வேலை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இது சுரப்பதில்லை. சோகை வந்து நடக்கவே தெம்பில்லாமல் போகிறது. மரபணுத் தொழில்நுட்பத்தின் வழியே இதைச் செயற்கையாகத் தயாரித்து 1980-களின் கடைசியில் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது மறுவாழ்வு.

சைக்கிள்காரர்கள் அதை வேறு கண்ணோடு பார்த்தார்கள். சிவப்பணு கூடினால் ரத்தம் ஏந்திப்போகும் ஆக்ஸிஜனும் கூடும். மலையேற்றத்தில் மற்றவர்களுக்கு மூச்சு முட்டும் இடத்தில் இவர்களால் மேலும் மிதிக்க முடியும். பழைய ஆம்ஃபெட்டமின் களைப்பை மறக்கடிக்கும், அவ்வளவுதான். இபிஓ களைப்பையே தள்ளிப்போட்டது. ஊசி போட்டவரும் போடாதவரும் ஒரே பந்தயத்தில் ஓடுவதாகச் சொல்வதே பொய்யாகிப் போனது.

விலையும் இருந்தது. அணு கூடக்கூட ரத்தம் கூழாகக் கெட்டிப்படும், இதயம் திணறும். தூக்கத்தில் நாடித்துடிப்பு குறையும்போதுதான் ஆபத்து அதிகம். அதனால் நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்து உடற்பயிற்சி செய்த வீரர்களைப் பற்றிய பேச்சு அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. காரில் கிடைத்த ஆஸ்பிரின் வகை மாத்திரைகளும் ரத்தத்தை இளக்கி வைப்பதற்குத்தான்.

இதைக் கண்டுபிடிக்கும் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை அப்போது இல்லை. உடம்பே சுரக்கும் பொருளோடு ஒத்துப்போகும் மருந்து அது. சிறுநீரில் தேடிக் கிடைக்கவில்லை. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 1997-இல் ஒரு மாற்றுவழி கண்டது. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. ஹெமடோக்ரிட் என்ற அந்த அளவு ஆண்களுக்கு 50-ஐத் தாண்டினால் இரண்டு வாரம் ஓய்வு. ஊக்கமருந்துக் குற்றமாக அதைப் பதிவு செய்யவில்லை, உடல்நலனுக்கான ஏற்பாடு என்று மட்டும் சொன்னார்கள்.

நல்ல நோக்கத்தில் போட்ட இந்த விதி நேர் எதிரான பலனைத் தந்தது. 50 வரை போகலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டாக அதை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இயற்கையில் 42 உள்ளவர் 49-ஐத் தொடும்வரை ஊசி போட்டுக்கொண்டார். அணிகள் கையடக்க ரத்தச் சுழற்றுக் கருவிகளை வாங்கி, தங்கும் ஓட்டல் அறையிலேயே அளந்து பார்த்தன. காலையில் சோதனைக்காரர்கள் வருகிறார்கள் என்றால் சலைன் ஏற்றி ரத்தத்தை நீர்க்கச் செய்தார்கள், எண் இறங்கியது. இந்த வேலைகள் எப்படி நடந்தன என்பதை வூட் பின்னாளில் தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதினார்.

ஒரு சின்ன ஊரின் காபிக் கடை

ஜூலை 11 அன்று டப்ளினில் டூர் தொடங்கியது. மறுநாள் பாரிஸுக்கு அருகே பிரான்ஸ் கால்பந்து அணி பிரேசிலை 3-0 என்று வென்று முதல்முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது. நாடே தெருவில் இறங்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, எல்லையில் பிடிபட்ட உதவியாளரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றது அணி நிர்வாகம்.

காவலில் இருந்த வூட் தான் கைவிடப்பட்டதை உணர்ந்தார். மேலிருந்து வந்த உத்தரவின்படிதான் நடந்தேன் என்று சொல்லிவிட்டார். எந்த வீரருக்கு என்றைக்கு எவ்வளவு மருந்து என்று அவர் குறித்து வைத்திருந்த நோட்டுகளும் விசாரணையாளர்களுக்குக் கிடைத்தன. லியோன் நகருக்குப் பக்கத்தில் இருந்த அணி அலுவலகத்தையும் சோதனையிட்டார்கள். ஜூலை 15 அன்று அணி இயக்குநர் புரூனோ ரூசலும் மருத்துவர் எரிக் ரைக்கார்டும் பிடிபட்டார்கள். இரண்டு நாளில் ரூசல் ஒப்புக்கொண்டார். அணியில் ஊக்கமருந்து கொடுப்பது ஒழுங்குபடுத்தப்பட்ட ஏற்பாடாக இருந்தது, வீரர்களின் பரிசுப்பணத்திலிருந்தே அதற்கு நிதி பிடிக்கப்பட்டது, ஆளாளுக்குத் தனியாக வாங்கிப் போட்டு உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளாமல் இருக்கவே மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தோம் என்பது அவர் தரப்பு.

இந்த வாக்குமூலத்தை நின்று கவனிக்க வேண்டும். வேலைக்கு வைத்த நிறுவனமே மருந்தை வாங்கி, அளந்து, கணக்கெழுதி, கூலியிலிருந்து பிடித்தம் செய்து கொடுத்திருக்கிறது. ஒரு வீரரின் சபலம் என்று இதைச் சுருக்க முடியாது. இது ஒரு தொழிற்கூடத்தின் நடைமுறை.

ஜூலை 17 இரவு, டூர் இயக்குநர் ஜான்-மாரி லெப்லான் ஃபெஸ்டினா அணியைப் பந்தயத்திலிருந்து வெளியேற்றினார். மறுநாள் கொரேஸ் பகுதியில், சாலையோரக் காபிக் கடை ஒன்றின் உள்ளறையில் வீரர்கள் அவரைச் சந்தித்து மன்றாடினார்கள். பிரான்ஸின் செல்லப்பிள்ளையும், மலையேற்றங்களில் சிறந்தவருக்கான மலைராஜா பட்டத்தை அதற்குள் நான்கு முறை வென்றவருமான ரிஷார் விராங்க் வெளியே வந்து கேமராக்களுக்கு முன்னால் கண்ணீர் விட்டார். நான் எதுவும் செய்யவில்லை என்பதுதான் அப்போதும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர் சொன்னது.

மூக்குக் கண்ணாடி இல்லாத இரவு

ஜூலை 23 அன்று ஃபெஸ்டினா வீரர்களை லியோன் போலீஸ் காவலில் எடுத்தது. சுவிட்சர்லாந்தின் அலெக்ஸ் ஜூலே அந்த இரவைப் பற்றிப் பின்னர் பேசினார். ஆடைகளைக் களையச் சொன்னார்கள். பெல்ட், காலணி மட்டுமின்றி மூக்குக் கண்ணாடியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடும் வெக்கை. கண்ணாடி இல்லாமல் சரியாகப் பார்க்க முடியாத அவர், தனி அறையில் இரவைக் கழித்தார். காலையில் ஆவணங்களை எடுத்து முன்னால் வைத்தபோது இபிஓ போட்டதை ஒப்புக்கொண்டார். விளம்பரதாரர்களைத் திருப்திப்படுத்தச் செய்தேன் என்றார். வேறு சிலரும் ஒப்புக்கொண்டார்கள். விராங்கும் அவருடைய நண்பர் பாஸ்கல் எர்வேயும் மறுத்தார்கள்.

வீரர்கள் காவலில் எடுக்கப்பட்ட செய்தி பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களைக் கொதிக்க வைத்தது. ஜூலை 24 அன்று புறப்படும் இடத்திலேயே சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களைக் கால்நடைபோல நடத்துகிறார்கள் என்று அவர்கள் சார்பில் பேசினார் பிரெஞ்சு வீரர் லோரான் ஜலபேர். அதற்குள் டிவிஎம் என்ற டச்சு அணியையும் போலீஸ் துருவ ஆரம்பித்திருந்தது. ஜூலை 28 மாலை அந்த அணியினரை ஓட்டலிலிருந்து அழைத்துப்போய் ரத்தம், சிறுநீர், தலைமுடி மாதிரிகளை எடுத்தார்கள்.

மறுநாள் ஆல்பெர்வில்லில் இருந்து எக்ஸ்-லெ-பான் வரையிலான கட்டம். வழியில் எல்லோரும் நின்றார்கள். முதுகில் குத்தியிருந்த எண் தாள்களைக் கிழித்து எறிந்தார்கள். இனி இப்படி நடக்காது என்று லெப்லான் அதிகாரிகளிடம் பேசி உறுதி வாங்கித் தரும்வரை நகரவில்லை. வீரர்கள் தரப்பில் அவரிடம் பேசியவர் 1996-இல் டூர் வென்ற டென்மார்க்கின் பியார்ன ரீஸ். அந்த வெற்றியே இபிஓவின் துணையோடு வந்தது என்று 2007-இல் அவரே ஒப்புக்கொள்ளப் போகிறார். டிவிஎம் வீரர்களை முன்னால் விட்டு, மற்றவர்கள் மெதுவாகப் பின்தொடர்ந்து எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். அன்றைய கட்டம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஸ்பானிய அணிகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின.

டப்ளினில் புறப்பட்டவர்கள் 189 பேர். ஆகஸ்ட் 2 அன்று பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 96 பேர். பனிமூட்டமும் மழையுமாக இருந்த நாளில் கலிபியே மலையில் தனியாகப் பாய்ந்து, முன்னிலை வீரருக்கான மஞ்சள் சட்டையைப் பிடித்த இத்தாலியின் மார்கோ பந்தானி வென்றார். பந்தயத்தின் மானத்தைக் காப்பாற்றியவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். 2013-இல் பிரெஞ்சு செனட் குழு ஓர் அறிக்கையை வெளியிட்டது. 1998-இல் எடுத்து வைத்திருந்த சிறுநீர் மாதிரிகளை 2004-இல் புதிய முறையில் மறுபரிசோதனை செய்ததன் முடிவுகள் அதில் இருந்தன. பந்தானியின் பெயரும், இரண்டாமிடம் வந்த யான் உல்ரிக்கின் பெயரும் இபிஓ பட்டியலில் இருந்தன. எங்களை நடத்திய விதம் தவறு என்று சாலையில் குரல் கொடுத்த ஜலபேரின் பெயரும் இருந்தது. மூன்றாமிடம் வந்த பாபி ஜூலிக் அதற்கு ஓராண்டு முன்பே, தானும் இபிஓ எடுத்ததை ஒப்புக்கொண்டுவிட்டார். பந்தானி அதையெல்லாம் கேட்க உயிரோடு இல்லை. 2004 பிப்ரவரி 14 அன்று, ரிமினி நகரின் ஓட்டல் அறையில், 34 வயதில், கொக்கைன் பாதிப்பில் அவர் இறந்திருந்தார்.

உண்மை சொன்னவருக்குத் தடை

யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்ற கணக்கில்தான் இந்த விவகாரத்தின் உண்மையான பாடம் இருக்கிறது.

காவலில் உண்மையைச் சொன்ன வீரர்களுக்கு அவரவர் நாட்டுச் சம்மேளனங்கள் ஆறு முதல் எட்டு மாதம் வரை தடை விதித்தன. அதில் பெரும்பகுதி பந்தயமே நடக்காத குளிர்காலத்தில் கழிந்தது. அடுத்த ஆண்டு டூரில் ஜூலே இரண்டாமிடம் பிடித்தார். மறுத்துக்கொண்டே இருந்த விராங்குக்கு அந்தத் தடையும் இல்லை. 1999 டூருக்கு அவரை வரவிடாமல் தடுக்க அமைப்பாளர்கள் முயன்றார்கள். விதிப்படி அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேசச் சம்மேளனம் சொன்னது. அவர் வந்தார், ஓடினார், ஐந்தாவது முறையாக மலைராஜா பட்டத்தை வென்றார்.

2000 அக்டோபரில் லீல் நகர நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. முதல் நாள் மறுத்த விராங்க், மறுநாள் நீதிபதி டேனியல் டெலகோவ் நேருக்கு நேர் கேட்டபோது, ஊக்கமருந்து எடுத்தேன், வேறு வழி இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊக்கமருந்து போட்டுக்கொண்ட வீரருக்குக் கிரிமினல் தண்டனை கிடையாது, கொடுத்தவருக்கும் தூண்டியவருக்கும்தான் உண்டு. டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது விராங்க் விடுதலை. ரூசலுக்கு ஓராண்டும் வூட்டுக்குப் பத்து மாதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. மருத்துவர் ரைக்கார்ட் புற்றுநோயில் படுத்திருந்தார், அடுத்த மாதமே இறந்துபோனார். விராங்குக்கு சைக்கிள் சம்மேளனத்திடமிருந்து தடை வந்தது. முதலில் ஒன்பது மாதம், பிறகு ஆறரை மாதமாகக் குறைந்தது. அதன்பின் மேலும் இரண்டு முறை மலைராஜா ஆனார், ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சியில் வர்ணனையாளர் ஆனார். வேலையும் போய்ச் சிறையிலும் நாட்களைக் கழித்த வில்லி வூட் பஸ் ஓட்டப் போனார்.

வூட் செய்தது சிறு குற்றமல்ல. பல ஆண்டுகள் இளைஞர்களின் உடம்பில் ஊசி ஏற்றியவர் அவர். ஆனால், கூட்டாகச் செய்த குற்றத்துக்குத் தண்டனையைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தபோது, கீழே இருந்தவர்மேல்தான் அதன் பாரம் இறங்கியது. விசாரணையில் வேறொன்றும் வெளிவந்தது. 1997 உலக சாம்பியன் போட்டியில் வென்ற ஃபெஸ்டினாவின் லோரான் புரோஷார், லிடோகெயின் என்ற மருந்துக்கான பரிசோதனையில் சிக்கியிருக்கிறார். முன்தேதியிட்ட மருத்துவச் சான்றிதழ் ஒன்று வந்ததும் விஷயம் முடிந்திருக்கிறது. விதியைக் காக்க வேண்டிய இடத்திலேயே விதிக்கு வாசல் திறந்திருந்தது.

அணியில் ஊசியை மறுத்த ஒருவரும் இருந்தார். கிறிஸ்தோஃப் பாஸோன் என்ற இளைஞர். அவர் எதையும் தொடவில்லை என்று வூட்டும் சக வீரர்களும் சாட்சி சொன்னார்கள். அவருக்கு அந்தத் தொழில் கொடுத்த பரிசைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

சாட்சி என்ற கருவி

1998 வீணாகப் போகவில்லை. பிரான்ஸின் விளையாட்டு அமைச்சர் மாரி-ஜார்ஜ் புஃபே 1999 மார்ச்சில் ஊக்கமருந்துக்கு எதிரான புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய மாதம் லோசானில் ஊக்கமருந்து பற்றிய உலக மாநாடு கூடியது. நவம்பரில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, வாடா, பிறந்தது. 2000-இல் பாரிஸுக்கு அருகே இருக்கும் ஷாதனே-மலாப்ரி ஆய்வகம் சிறுநீரில் இபிஓவைக் கண்டறியும் முறையை வெளியிட்டது. நாட்டுக்கொரு விதி, சம்மேளனத்துக்கொரு தண்டனை என்று கிடந்ததை 2004-இல் நடைமுறைக்கு வந்த உலக விதித்தொகுப்பு ஒன்றாக்கியது. கடுமையான முதல் குற்றத்துக்கு இரண்டாண்டுத் தடை, 2015 முதல் நான்காண்டு. மருந்தைத் தேடுவதோடு நிற்காமல் வீரரின் ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிந்து ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் உயிரியல் கடவுச்சீட்டை, சைக்கிள் சம்மேளனம் 2008-இல் அறிமுகப்படுத்தியது.

இவற்றையெல்லாம்விடப் பெரிதாக நான் கருதுவது வேறு. 1998-இல் ஃபெஸ்டினா வீரர்களின் இபிஓவை எந்தப் பந்தயப் பரிசோதனையும் பிடிக்கவில்லை. சுங்கத்துறைக்காரர் பிடித்தார், நோட்டுப் புத்தகம் பிடித்தது, வாய்திறந்த மனிதர்கள் பிடித்தார்கள். அந்த மனிதர்களுக்குத்தான் முதல் தண்டனை போனது. இதைக் கவனித்துக்கொண்டிருந்த மற்ற வீரர்கள் என்ன கற்றிருப்பார்கள்? வாய்திறக்காதே என்பதைத்தான்.

இது திருந்தப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. 2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அமெரிக்கச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கைச் சாய்த்தது முக்கியமாகச் சாட்சிகளைக் கொண்டுதான். முன்னாள் சக வீரர்கள் 11 பேர் சாட்சி சொன்னார்கள். அப்போதும் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆறு மாதத் தடை, ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆயுள் தடை. அந்த ஆறு மாதமும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் போனது, பலர் அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. 1998-இல் அதே அளவு தடை உண்மை சொன்னதற்குக் கூலியாக விழுந்தது, சொல்லாதவர் தப்பினார். 2012-இல் சொன்னவருக்குச் சலுகை கிடைத்தது, சொல்லாதவர் எல்லாவற்றையும் இழந்தார். மாதக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் நீதி திசை மாறியிருக்கிறது. எத்தனை ஆண்டு தடை என்பதைவிட, முதலில் வாய்திறக்கிறவரைப் பாதுகாக்கிறோமா என்ற கேள்விதான் இந்த விளையாட்டின் நேர்மையைத் தீர்மானிக்கும்.

ஆனால் 1999 ஜூலையில் இதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. கறை கழுவப்பட்டது, இது புதுப்பிறப்பின் டூர் என்று அறிவித்தார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த ஓர் அமெரிக்கர் மஞ்சள் சட்டை போட்டிருந்தார். இந்த வேகம் எப்படி வருகிறது என்று ஒரே ஒரு பிரெஞ்சு இளைஞர் பத்திரிகையில் எழுதினார். மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த அமெரிக்கர் அவர் பக்கத்தில் வந்து, நீ ஊருக்குப் போய்விடு என்றார். அந்த இளைஞர்தான் பாஸோன்.

(தொடரும்)